உரத்தொட்டிக்கு முன்னால் ஒரு தராசு

மாதக் கடைசியில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்தால் அது சாமர்த்தியம்; இரவு பத்து மணிக்குப் பானையில் சோறு மிச்சமாகிவிட்டால் அது கவலை. வரவையும் இழப்பையும் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அது பழையது, தொட்டுக்கொள்ள ஒரு வெங்காயம் போதும். டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜின் பின்வரிசைக்குத் தள்ளினால், நான்காம் நாள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துக் கொட்ட வேண்டியதுதான். மிச்சத்துக்குப் பக்கத்திலேயே எச்சில் என்றொரு சொல் நிற்கிறது. தட்டில் பரிமாறிக் கை பட்ட கணத்தில் மிச்சம் எச்சிலாகிவிடும். பிறகு அதைப் பாத்திரத்துக்குத் திருப்ப முடியாது. கூடைக்குப் போய் ஈரத்தாளோடும் பிளாஸ்டிக் பையோடும் கலந்துவிட்டால் அது குப்பை. மிச்சம், எச்சில், குப்பை என்ற இந்த மூன்று நிலைகளுக்கும் மருந்து வெவ்வேறு. ஆனால் நகராட்சி விளம்பரம், குடியிருப்போர் சங்கக் கூட்டம், நிறுவனங்களின் பசுமை அறிக்கை என எங்கும் பேசப்படுவது பெரும்பாலும் மூன்றாவது நிலைதான்: குப்பையை உரமாக்குவது எப்படி, எரிவாயுவாக்குவது எப்படி. உணவுக் கழிவைத் தனியே பிரிப்பதால் நமக்கு முதலில் கிடைக்க வேண்டியது உரம் இல்லை. எவ்வளவு வீணாகிறது, எந்த நிலையில் வீணாகிறது என்ற கணக்கு. உரம் அதற்குப் பின்னால் வருவது. இந்த வரிசையை மாற்றிப் போட்டதில்தான் வீட்டிலும் வேலையிடத்திலும் நம் முயற்சிகள் பலன் குறைந்து நிற்கின்றன.

முதலில் மறுசுழற்சி எவ்வளவு தரும் என்று பார்ப்போம். நாட்டிலேயே ஈரக்கழிவைச் சுத்தமாகப் பிரித்துத் தரும் நகரம் என்று பெயர் எடுத்தது இந்தூர். அங்கே 2022 பிப்ரவரி 19 அன்று பிரதமர் தொடங்கி வைத்த ஆலை, நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவை வாங்கிக்கொண்டு 17,000 கிலோ எரிவாயுவும் 100 டன் இயற்கை உரமும் தரும் என்று அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோ கழிவுக்கு ஏறக்குறைய 31 கிராம் எரிவாயு. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவு வீணடிப்புக் குறியீட்டு அறிக்கை, இந்திய வீடுகளில் ஆண்டுக்கு ஒருவருக்கு 55 கிலோ உணவுக் கழிவு சேர்வதாக மதிப்பிடுகிறது. நான்கு பேர் வீட்டுக்கு 220 கிலோ. ஒரு துளி சிந்தாமல் அத்தனையையும் இந்தூர் ஆலைக்கு அனுப்பினாலும் அந்தக் குடும்பத்தின் கணக்கில் ஓராண்டுக்குச் சேரும் எரிவாயு 7 கிலோவைத் தொடாது. நம் வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. வருடம் முழுக்கச் சேர்த்த கழிவுக்கு அரை சிலிண்டர்! உரமும் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘கழிவே செல்வம்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வகுத்தல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி மறுபக்கம். அதே வீட்டில் தினமும் 100 கிராம் சோறு, அதாவது ஒரு கரண்டி, கொட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36 கிலோவுக்கும் மேல். ஒரு கிலோ அரிசி வடித்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ சோறு கிடைக்கும். ஆக, வீணான அரிசி சுமார் 13 கிலோ. கிலோ 60 ரூபாய் என்று கொண்டால் 780 ரூபாய். சென்னையில் அரை சிலிண்டரின் விலை இதைவிடக் குறைவு. ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியில் ஏறக்குறைய 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது நெதர்லாந்து ஆய்வாளர் ஹூக்ஸ்ட்ரா குழுவின் கணக்கு. மழைநீரையும் சேர்த்த எண் இது. அந்தக் கணக்கில் 13 கிலோவுக்கு 32,500 லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் இரண்டரை லாரிக்கும் மேல். இந்தத் தண்ணீரையும், உழவையும், யூரியாவையும், அடுப்பில் எரிந்த எரிவாயுவையும் எந்த உரத்தொட்டியாலும் மீட்டுத் தர முடியாது. அது மீட்பது சோற்றில் தங்கியிருந்த கொஞ்சம் சத்தை மட்டுமே. உணவு தட்டை நெருங்க நெருங்க அதன்மேல் ஏறிய செலவு கூடிக்கொண்டே போகிறது. வயலில் சிந்திய நெல்லைவிட, வடித்து, தாளித்து, பரிமாறிய பின் கொட்டும் புளியோதரைதான் கனமான இழப்பு.

55 கிலோ என்ற எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். அதில் கொட்டிய சோறு மட்டும் இல்லை; வாழைப்பழத் தோல், முருங்கைச் சக்கை, மாங்கொட்டை, டீத்தூள் எல்லாம் அடக்கம். சாப்பிட்டிருக்கக்கூடியது எவ்வளவு, எவராலும் சாப்பிட முடியாதது எவ்வளவு என்று அந்த எண் பிரித்துச் சொல்வதில்லை. அந்தக் கோடும் சமையலறைக்குச் சமையலறை மாறும். பீர்க்கங்காய்த் தோலைத் துவையல் அரைக்கிற வீட்டில் அது உணவு; பக்கத்து வீட்டில் கழிவு. வாழைப்பூவை ஆய உட்கார நேரம் இருக்கிற வீட்டில் அது பொரியல். ஆகவே ‘ஒரு இந்தியர் ஆண்டுக்கு 55 கிலோ உணவை வீணாக்குகிறார்’ என்று நாளிதழ்கள் எழுதுவது சரியல்ல. எண்ணின் இந்தக் குறையே நம் வாதத்துக்கு வலு: தவிர்க்கக்கூடியதையும் தவிர்க்க முடியாததையும் ஒரே வாளியில் போடுகிறவரை, நமக்கு உரம் தேவையா கட்டுப்பாடு தேவையா என்பதே தெரியாது.

இதை இரண்டு நாடுகளின் அனுபவத்தில் வைத்துச் சோதிக்கலாம். தென் கொரியா 2005-இல் உணவுக் கழிவை நேரடியாக மண்ணில் புதைப்பதைத் தடை செய்தது. 2013-இல் அளவுக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறையை நாடெங்கும் கொண்டுவந்தது. 1990-களின் நடுவில் 2 விழுக்காடு அளவில் இருந்த உணவுக் கழிவு மறுசுழற்சி இன்று 95 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. உலகில் வேறெந்தப் பெரிய நாடும் இதன் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் மொத்தக் கழிவு? 2010-களின் இறுதியிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 14,000 டன். மறுசுழற்சி வானத்தைத் தொட்டபோதும் கழிவின் அளவு அந்த வேகத்தில் சரியவில்லை. அதே நாட்டுக்குள் இன்னொரு காட்சி இருக்கிறது. சோல் நகர அடுக்குமாடிகளின் கீழே நிற்கும் இயந்திரத்தில் வீட்டு அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கொட்டியவுடன் எடை திரையில் தெரியும். அந்த எடைக்கு அந்த வீட்டின் பெயரில் கட்டணம் ஏறும். இந்த இயந்திரங்களால் ஆறு ஆண்டுகளில் 47,000 டன் குறைந்தது என்று நகர அதிகாரிகள் கணக்குக் காட்டினார்கள். கழிவு எங்கே போகிறது என்பதை மக்களுக்குச் சொன்னது மறுசுழற்சிக் கொள்கை. எவ்வளவு போகிறது என்பதை அவர்கள் கையிலேயே காட்டியது இந்தத் தராசு. குறைத்தது இரண்டாவதுதான்.

பிரிட்டன் எதிர்த்திசையில் நடந்தது. அங்கே ராப் என்ற அமைப்பு வீட்டுக் குப்பைக்கூடைகளைக் கொட்டிப் பிரித்து எடைபோட்டது. குடும்பங்களைச் சமையலறைக் குறிப்பேடு எழுத வைத்தது. எந்த உணவு, எந்தக் காரணத்தால் கொட்டப்படுகிறது என்று பட்டியலிட்டது. அந்தத் தகவலை வைத்துக்கொண்டு 2007-இல் பிரசாரத்தைத் தொடங்கியது. 2007-க்கும் 2012-க்கும் இடையில் தவிர்க்கக்கூடிய வீட்டு உணவுக் கழிவு 21 விழுக்காடு குறைந்தது. இங்கிலாந்து முழுவதற்குமான கட்டாய உணவுக் கழிவுச் சேகரிப்பு அப்போது சட்டத்தில்கூட இல்லை. வேலையிடங்களுக்கு 2025 மார்ச் 31, வீடுகளுக்கு 2026 மார்ச் 31 என்றுதான் பின்னாளில் நாள் குறித்தார்கள். சேகரிப்பைக் கட்டாயமாக்காமலே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது! இதை அப்படியே வெற்றிக்கதையாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 2008 பொருளாதாரச் சரிவும் உணவு விலையேற்றமும் அதே ஆண்டுகளில் நேர்ந்தவை. கைக்காசு குறைந்தால் எந்த ஊரிலும் கொட்டுவது குறையும். 2012-க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குக் கழிவு குறைவது நின்றும்போனது. ஆனாலும் குறைப்பதற்கு முன்நிபந்தனை கணக்கு. உர ஆலை அந்த இடத்தில் இல்லை என்பதை இந்த அனுபவம் உறுதிசெய்கிறது.

உரத்தொட்டி சில சமயம் குறைப்பதற்கு எதிராகவே வேலை செய்யலாம் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டான்யி சீ, பிரையன் ரோ இருவரும் 2017-இல் ஒரு விருந்துப் பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உணவை வீணாக்குவதன் தீமையைப் படித்துவிட்டுச் சாப்பிட வந்தவர்கள் தட்டில் குறைவாக விட்டார்கள். ஆனால் ‘இங்கே மீதமாவது உரமாகப் போகிறது’ என்ற செய்தியும் கூடவே சென்றபோது அந்த நல்ல விளைவு காணாமல் போயிற்று. உரமாகத்தானே போகிறது என்ற நிம்மதியில் கை தாராளமாகிவிட்டது. நமக்கு இது புதிய மனநிலை அல்ல. பரிகாரம் கைவசம் இருந்தால் தோஷத்துக்கு அஞ்சத் தேவையில்லை என்பது நன்கு பழகிய கணக்குதான். ஒரு பரிசோதனையை வைத்து மனித குலத்தையே எடைபோடக் கூடாது. அது ஒரு நாட்டில், ஒரு வேளைச் சாப்பாட்டில் பார்த்தது. ஆயினும் அலுவலகக் கேண்டீன் வாசலில் ‘எங்கள் கழிவு நூறு விழுக்காடு உரமாகிறது’ என்று பெருமையோடு பலகை மாட்டும் நிர்வாகங்கள், அந்தப் பலகை சாப்பிடுகிறவரின் காதில் என்ன ஓதுகிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

அப்படியானால் உரமே வேண்டாமா? வேண்டும். தோலும் சக்கையும் எலும்பும் இல்லாத சமையல் எங்கும் இல்லை. அவை போக ஓரிடம் வேண்டும். குப்பை மேட்டில் காற்றுப் புகாத அடுக்குகளுக்குள் புதைந்த உணவு மீத்தேனாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைப்பது. இருபதாண்டுக் கணக்கில் ஏறக்குறைய 80 மடங்கு. அமெரிக்க நகராட்சிக் குப்பைக் கிடங்குகளிலிருந்து தப்பும் மீத்தேனில் 58 விழுக்காடு உணவுக் கழிவிலிருந்து வருவது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் மதிப்பிட்டது. நம் குப்பையில் பாதியளவு ஈரக்கழிவு. சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பல பத்தாண்டுகளாக அது போய்க் குவிந்த இடங்கள் கொடுங்கையூரும் பெருங்குடியும். பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பிடித்துச் சுற்றுவட்டாரமே புகையில் மூழ்கியது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் எழுந்த மேடு அது. அதே ஆண்டில்தான் அந்தச் சதுப்புநிலம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே உணவுக் கழிவு மேட்டுக்குப் போகக்கூடாது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஈரக்கழிவு, உலர்கழிவு, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னதும், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் உண்டாக்குகிற வளாகங்கள் ஈரக்கழிவை இயன்றவரை உள்ளேயே கையாள வேண்டும் என்றதும் இதனால்தான்.

உரம் செய்வது கைவராமல் தோற்கிற வீடுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தோற்கின்றன. காய்கறித் தோலும் சோறும் ஈரமும் நைட்ரஜனும் மிகுந்தவை. அவற்றை மட்டும் சட்டியில் போட்டு மூடினால் இரண்டாம் நாள் தண்ணீர் விட்டு, காற்று நுழைய இடமில்லாமல், புளித்த நாற்றம் கிளம்பும். நுண்ணுயிர்களுக்குத் தோதான கார்பன், நைட்ரஜன் விகிதம் 25 முதல் 30-க்கு ஒன்று. அதை எட்ட வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் கழிவின் கன அளவுக்குச் சமமாகவாவது காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ போட்டு மூட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. நாற்றம் வந்தால் சருகு போதவில்லை. பத்து நாளாகியும் சூடே ஏறாமல் உலர்ந்து கிடந்தால் தண்ணீர் தெளிக்கவில்லை. இவ்வளவுதான் வித்தை. பால்கனியில் மூன்றடுக்கு மண்சட்டி வைக்க இரண்டடி இடம் போதும். கேரளத்தில் கால்நடை, விலங்கறிவியல் பல்கலைக்கழகம் தும்பூர்முழியில் உருவாக்கிய காற்றோட்டத் தொட்டியை ஆலப்புழை நகரம் தெருவோரங்களிலேயே நிறுவியது. தங்கள் ஊரில் குப்பையைக் கொட்டக்கூடாது என்று சர்வோதயபுரம் மக்கள் லாரிகளை மறித்த பிறகு, வேறு வழியின்றிப் பிறந்த ஏற்பாடு அது. இடமில்லை, நாறும் என்ற ஆட்சேபணைக்குப் பதில் அந்தத் தெருக்களிலேயே இருக்கிறது. குழம்பு, எண்ணெய், உப்பு கலந்த எச்சிலைச் செரிப்பதுதான் எந்தத் தொட்டிக்கும் கஷ்டம். கொரியாவிலும் உப்புதான் உரத்துக்குத் தலைவலி. தவிர்க்கக்கூடிய கழிவு குறையும்போது தொட்டி தானாகவே நன்றாக வேலை செய்யும் என்பது இதிலிருந்து கிடைக்கும் உபரி லாபம்.

அந்தக் காலத்தில் எதுவும் வீணாகவில்லையே, கழுநீர்த் தொட்டி இருந்தது, மாடு இருந்தது, கேட்டு வாங்கிப்போக ஆள் இருந்தது என்று ஒரு வாதம் எழும். பாதி உண்மை. அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் காய்த்தோலும் மாட்டுக்குப் போயின. சாணம் வயலுக்குப் போனது. மாட்டுக்கும் சமையலறைக்கும் இடையே பத்தடி தூரம் இருந்தவரை அது நடந்தது. இன்று நகரத்து மாடு தெருமுனைத் தொட்டியில் பையோடு சேர்த்துத்தான் சோற்றைத் தின்கிறது. எச்சிலைக் கால்நடைக்குத் தருவதன் அபாயமும் இப்போது தெரியும்: 2001-இல் பிரிட்டனைச் சூறையாடிய கோமாரி, சரியாக வேகவைக்காத எச்சில் தீவனத்திலிருந்து தொடங்கியதாகக் கண்டறிந்து அங்கே அந்த வழக்கத்தையே தடை செய்தார்கள். ‘கேட்டு வாங்கிப்போக ஆள்’ என்ற பகுதிதான் இன்னும் சங்கடமானது. முந்தாநாள் குழம்பை வீட்டு வேலைக்கு வருகிறவரின் தூக்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டு ‘நாங்கள் எதையும் வீணாக்குவதில்லை’ என்று சொல்வது கணக்கை வேறொரு வீட்டுக்கு மாற்றி எழுதுவதே. தாம் சாப்பிடத் தயங்குவதை இன்னொருவர் சாப்பிடலாம் என்ற எண்ணத்தில் சாதி இருக்கிறது. கேட்கவே முடியாத ஊதிய உறவும் இருக்கிறது. பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நீர் ஊற்றி வைக்கும் அறிவை. கொதித்த பின்னும் அரிசியில் சாகாமல் தங்கும் பேசில்லஸ் வித்துகள் அறை வெப்பத்தில் பெருகி வயிற்றைக் கெடுக்கக்கூடியவை. தண்ணீரில் ஊறும் சோற்றில் லாக்டிக் அமிலம் புளிப்பேற்றி அவற்றுக்கு இடம் கொடுக்காமல் செய்கிறது. சும்மா மூடிவைத்த சோற்றைவிடப் பழையது நம்பகமானது, அதுவும் மறுநாள் காலைவரைதான்.

வீட்டில் மிச்சம் எங்கே பிறக்கிறது? பெரும்பாலும் அளக்கிற இடத்தில். ‘எதற்கும் ஒரு கை கூடப் போடு’ என்பது நம் சமையலறையின் எழுதாத சட்டம். யாராவது வந்துவிட்டால் என்ற எண்ணம், போதாமல் போனால் பேச்சு வரும் என்ற பயம், இரண்டும் அந்த ஒரு கைக்குள் இருக்கின்றன. அரிசி உலையில் விழுந்த பிறகு, ‘வெளியே சாப்பிட்டுவிட்டேன், எனக்கு வேண்டாம்’ என்று எட்டரை மணிக்கு வரும் போன் மறு பாதி. இங்கே நியாயமான ஆட்சேபணை ஒன்று உண்டு: பிரி, எடை போடு, உரம் கிளறு என்று சொல்வதெல்லாம் கடைசியில் பெண்கள் தலையில்தானே விழும்? விழும், வாளியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டால். ஆனால் மிச்சத்தை உண்டாக்குவதில் சமைக்காதவர்களின் பங்கு பெரியது. ஆறு மணிக்குள் இரவுச் சாப்பாடு உண்டா இல்லையா என்று சொல்வதற்கு உடலுழைப்பு ஏதும் தேவையில்லை. அதனால் வீணாகாமல் தப்பும் சோறு எந்த உரத்தொட்டியும் தருவதைவிட அதிகம். ஃப்ரிட்ஜையும் இங்கே சொல்ல வேண்டும். அது உணவைக் காப்பதைவிட, கொட்டும் முடிவைத் தள்ளிப்போடுவதையே பல வீடுகளில் செய்கிறது. மிச்சத்துக்கு என்று மேல்தட்டின் முன்பக்கத்தில் ஓரிடம் ஒதுக்கி, அது காலியாகாமல் புதிதாக எதையும் சமைப்பதில்லை என்று வைத்துக்கொண்டால் பின்வரிசை டப்பாக்களுக்கு வேலை இருக்காது.

வேலையிடம் வேறு உலகம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதன் 46-ஆம் பிரிவில், 250 பேருக்கு மேல் வேலைசெய்யும் ஆலைகளில் கேண்டீன் வைக்க வகைசெய்தது. 2020-இல் இயற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 100 ஆகக் குறைத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கான தட்டுகள். தட்டைத் திருப்பித் தருகிற ஜன்னலுக்குக் கீழே ஒரு வாளி; அதில் சாம்பார் ஊறிய சோற்றுருண்டை, தொடாத பொரியல், விளிம்பு மட்டும் கடித்த சப்பாத்தி, எலுமிச்சை ஊறுகாய், டிஷ்யூ தாள். பின்பக்கம் சமையற்கட்டில் இன்னொரு வாளி. அதில் ஆளில்லாத கடைசிப் பந்திக்கு வடித்து, யாரும் தொடாமல் கிடந்த இருபது கிலோ சோறு. இரண்டும் ஒரே வண்டியில் போய்விடும், கணக்கில் ‘ஈரக்கழிவு’ என்று ஒரே வரி. இரண்டின் காரணமும் வேறு. சமையற்கட்டு வாளி, ஆள் எண்ணிக்கையை மதிப்பிட்டதில் நேர்ந்த பிழை. முன்பதிவு வாங்கினாலே சரியாகும், மீந்தாலும் கை படாத உணவு. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் உபரி உணவைப் பகிர்வதற்கு 2019-இல் தனி விதிமுறையே கொண்டுவந்திருக்கிறது. கோவையில் 2014-இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள் வந்து எடுத்துக்கொள்ளவும் தயார். ஜன்னல் வாளி பரிமாறும் முறையின் பிழை, அல்லது ருசியின் பிழை. பொரியல் மட்டும் தினமும் திரும்பி வந்தால் சாப்பிடுகிறவருக்கு உபதேசம் செய்வதை விட்டுவிட்டுச் சமையல்காரரிடம் பேச வேண்டும்.

இது ஊகமில்லை. நார்வேயில் 52 ஓட்டல்களில் நடந்த ஆய்வொன்றை ஸ்டெஃபென் கால்பெக்கென், ஹோகன் சேலன் இருவரும் 2013-இல் வெளியிட்டார்கள். தட்டின் அளவைக் கொஞ்சம் குறைத்த ஓட்டல்களிலும், ‘எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சீட்டு வைத்த ஓட்டல்களிலும் கழிவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தது. விருந்தினர் திருப்தி குறையவில்லை. 2017-இல் ‘சாம்பியன்ஸ் 12.3’ கூட்டமைப்பு 17 நாடுகளில் 700 நிறுவனங்களின் 1,200 இடங்களைப் பார்த்து, அவற்றில் பாதி இடங்களில் கழிவைக் குறைக்கச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 14 டாலருக்குக் குறையாமல் திரும்பக் கிடைத்ததாகச் சொன்னது. தாமாக முன்வந்து செய்த நிறுவனங்கள்தான் அந்தப் பட்டியலில் இருக்கும் என்பதால் 14 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பாதியாக்கிக் கொண்டாலும் லாபம்தான். செலவில் முக்கியமான இனங்கள் அளப்பதும் ஆட்களைப் பழக்குவதும். நார்வேச் சீட்டில் எழுதியிருந்தது நம் பந்தி வழக்கம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கொஞ்சம் வைத்து, சாப்பிட்டபின் மறுசோறு கேட்டு வருவது நமக்குத் தெரிந்த முறை. கல்யாணப் பந்தியில் இலை நிறையாவிட்டால் மரியாதைக் குறைவு என்கிறார்கள். விருந்தாளி இலைமேல் கையை மறித்து ‘போதும்’ என்ற பிறகும் விரலிடுக்கில் ஜாங்கிரியைத் திணிப்பதுதான் மரியாதைக் குறைவு.

இன்னும் இரண்டு ஆட்சேபணைகள். வயலிலும் கிடங்கிலும் அழுகுவதுதானே அதிகம், வீட்டையும் கேண்டீனையும் ஏன் குடைய வேண்டும் என்பார்கள். இதற்குச் சான்றாக, இந்தியாவில் 40 விழுக்காடு உணவு வீணாகிறது என்று எல்லா மேடைகளிலும் சொல்லப்படுகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் அறுவடைப் பின்சார் பொறியியல் நிறுவனம் 2015-இல் முடித்த நாடு தழுவிய ஆய்வு, தானியங்களில் இழப்பு 4.65 முதல் 5.99 விழுக்காடு, காய் கனிகளில் 4.58 முதல் 15.88 விழுக்காடு என்று காட்டியது. 40-க்கு இதில் ஆதாரம் கிடையாது. உலக அளவில் 2022-இல் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணான 105 கோடி டன்னில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து, 28 விழுக்காடு உணவகங்கள், கேண்டீன்கள் போன்ற இடங்களிலிருந்து. வயலின் இழப்பைக் குறைக்க அரசும் குளிர்பதனக் கிடங்கும் வேண்டும். வீட்டுக்கும் கேண்டீனுக்கும் வந்து சேர்ந்த பிறகு வீணாவதற்கு நாம் மட்டுமே பொறுப்பு. மற்ற ஆட்சேபணை பசியைப் பற்றியது. தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு பசித்தவரை நினை என்று குழந்தைக்குச் சொல்கிறோம். அடையாற்றில் ஒரு வீட்டில் குறையும் ஒரு கரண்டிச் சோறு தருமபுரியில் ஒரு பசியையும் ஆற்றாது. பசி ஆறுவதற்கு வேலையும் கூலியும் ரேஷனும் வேண்டும். கழிவைக் குறைக்கக் காரணமாகத் தண்ணீரும் நிலமும் மீத்தேனும் நம் காசும் போதும். ஏழையின் பசியை வாதத்துக்கு இரவல் வாங்குவது அவசியமும் இல்லை, நேர்மையும் இல்லை.

உர இயந்திரம் வாங்கத் தீர்மானம் போட்டிருக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் கேண்டீன் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுப்பதற்கு முன் நான்கு வாரம் மூன்று வாளிகள் வையுங்கள்: தோலுக்கும் சக்கைக்கும் ஒன்று, பாத்திரத்தில் மீந்ததற்கு ஒன்று, தட்டில் விட்டதற்கு ஒன்று. பழைய பேப்பர்க்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசு போதும். தினமும் எடையை எழுதி எல்லோரும் பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள். எத்தனை கிலோ இயந்திரம் வேண்டும் என்பதை ஐந்தாவது வாரம் முடிவு செய்யலாம்.